61 லட்சம் டாங்கியும் ஒரு 'பீஸ் ரேட்' தகராறும்

ஒரு டாங்கியின் விலை 61 லட்சம். போருக்குப் போய் அடிபட்டுத் திரும்பினால் ரிப்பேர் செலவு தனி. பீரங்கியில் போட்டுச் சுடும் குண்டுக்கு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை. இவ்வளவு செலவு பிடிக்கும் இந்த டாங்கியை யாராலும் தொட்டுப் பார்க்க முடியாது. ஏனெனில் அது இரும்பால் ஆனதல்ல. கம்ப்யூட்டர் திரையில் ஓடும் வெறும் படம்!

'வேர்ல்ட் ஆப் டாங்க்ஸ்' என்னும் வீடியோ விளையாட்டில், ஜெர்மனியின் 'மவுஸ்', சோவியத் நாட்டின் 'ஐ.எஸ்.-7' போன்ற பத்தாம் படி டாங்கிகளுக்குக் குறிக்கப்பட்ட விலைதான் 61 லட்சம். ரூபாய் அல்ல; 'கிரெடிட்' என்ற விளையாட்டுக் காசு. அதே கடையில் இரண்டாம் உலகப் போரில் பேர் பெற்ற 'டி-34' டாங்கி சுமார் மூன்றரை லட்சத்துக்குக் கிடைக்கும். முதல் படி டாங்கியோ இலவசம்.

படத்துக்கு விலை வைப்பதில் என்ன கஷ்டம் இருக்கப் போகிறது என்று தோன்றலாம். ஆனால் அந்த விலை சரியில்லை என்று 2023-ம் ஆண்டில் உலகம் முழுவதும் பல்லாயிரக்கணக்கானவர்கள் ஒரு கம்பெனிக்கு எதிராகக் கிளம்பினார்கள். ஏறக்குறைய ஒரு வேலைநிறுத்தமே நடந்தது. கம்பெனி இறங்கி வந்தது. தொழிற்சாலை வாசலில் நின்று பழக்கப்பட்டவர்களுக்கு அந்தக் கதை வேடிக்கையாக மட்டும் இருக்காது. தெரிந்த கதையாகவும் இருக்கும்.

வாசலில் வாங்கிய காசு

1980-ல் அமெரிக்காவின் 'அடாரி' கம்பெனி 'பேட்டில்ஸோன்' என்ற டாங்கி விளையாட்டு யந்திரத்தை வெளியிட்டது. பச்சைக் கோடுகளால் வரைந்த மலைகள், பச்சைக் கோடுகளால் வரைந்த டாங்கிகள். அமெரிக்க ராணுவமே அதைப் பார்த்து அக்கறை கொண்டு, தன் சிப்பாய்களைப் பழக்குவதற்கு ஏற்றாற்போல் ஒன்றை மாற்றிச் செய்து தரும்படி கேட்டது.

அந்த யந்திரத்தில் விலைக் கணக்கு மிகச் சுலபம். காசைப் போட்டால் ஆட்டம். டாங்கிகள் உடைந்து தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. மறுபடி ஆட வேண்டுமா, மறுபடி காசு. சினிமாக் கொட்டகை டிக்கெட் போல, உள்ளே போவதற்கு முன்பே கணக்குத் தீர்ந்து விடும். ஏழைக்கும் பணக்காரனுக்கும் அங்கே ஒரே டாங்கிதான்.

இன்றைய விளையாட்டுகள் அப்படியல்ல. 'வேர்ல்ட் ஆப் டாங்க்ஸ்' 1998-ல் பெலாரஸ் நாட்டின் மின்ஸ்க் நகரில் தோன்றிய 'வார்கேமிங்' கம்பெனி தயாரித்தது. முதலில் 2010-ல் ரஷ்யாவிலும், 2011-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வெளிவந்தது. இதற்குப் போட்டியாக நிற்கும் 'வார் தண்டர்', மாஸ்கோவில் 2002-ல் தொடங்கிப் பின்னர் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகருக்குத் தலைமையகத்தை மாற்றிக் கொண்ட 'கைஜின்' கம்பெனியுடையது. 2012 நவம்பரில் பொதுமக்களுக்குத் திறந்து விடப்பட்டது. இரண்டுக்கும் வாசலில் டிக்கெட் கிடையாது. இலவசமாக உள்ளே போகலாம். ஒரு பைசா செலவில்லாமல் வருடக் கணக்கில் ஆடலாம்.

அப்படியானால் கம்பெனிக்கு வருமானம் எங்கிருந்து? உள்ளே இருக்கும் கடையிலிருந்துதான். கண்காட்சிக்கு அனுமதி இலவசம். உள்ளே ராட்டினத்துக்கும் பஜ்ஜிக்கும் காசு என்பது போல.

இரண்டு வகைக் காசு

இந்தக் கடைகளில் இரண்டு நாணயங்கள் செல்லுபடியாகும். ஒன்று, ஆடிச் சம்பாதிப்பது. 'வேர்ல்ட் ஆப் டாங்க்ஸ்'ஸில் அதன் பெயர் கிரெடிட். 'வார் தண்ட'ரில் வெள்ளிச் சிங்கம். மற்றொன்று, பெரும்பாலும் சொந்தப் பணம் கொடுத்து வாங்குவது. முன்னதில் அது தங்கம். பின்னதில் தங்கக் கழுகு.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஒரு சிட்டை வருகிறது. எதிரி டாங்கியை அடித்ததற்கு இவ்வளவு, இடத்தைப் பிடித்ததற்கு இவ்வளவு என்று வரவு. சுட்ட குண்டுக்கு இவ்வளவு, ரிப்பேருக்கு இவ்வளவு என்று செலவு. மீதம்தான் லாபம். லாரி வைத்துப் பிழைப்பவருக்கு இந்தச் சிட்டை புதிதல்ல. வாடகை கைக்கு வந்ததும் டீசல், டயர், டிரைவர் பேட்டா, மெக்கானிக் கூலி எல்லாம் போக மிஞ்சுவது எவ்வளவு என்று பார்ப்பாரல்லவா? அதே கணக்குத்தான். பெரிய லாரிக்கு வாடகை அதிகம், செலவும் அதிகம். இங்கும் மேல்படி டாங்கியை ஓட்டி நஷ்டப்பட்டவர், கீழ்ப்படி டாங்கிக்கு இறங்கி வந்து நாலு ஆட்டம் ஆடிக் காசு சேர்த்துக் கொண்டுதான் மறுபடி மேலே போக முடியும்.

காசு கொடுத்தவருக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. மாதக் கட்டணம் போல ஒன்றைக் கட்டினால் அதே ஆட்டத்துக்கு வரவு கூடுதலாக விழும். ஆக, கம்பெனி விற்பது உண்மையில் டாங்கியை அல்ல, நேரத்தை. பத்து நாள் ஆடிச் சேர்க்க வேண்டியதை ஐந்து நாளில் சேர்க்கலாம் என்பதுதான் விற்பனைச் சரக்கு.

இதில்தான் சிக்கல் பிறக்கிறது. விலையைக் குறைத்தால் எல்லோரும் ஆடியே சம்பாதித்து விடுவார்கள். தங்கம் வாங்க ஆள் இருக்காது. விலையை ஏற்றினால் காசில்லாதவர் சலித்துப் போய் ஆட்டத்தை விட்டு விடுவார். அவர் போய் விட்டால் காசுள்ளவர் யாரோடு சண்டை போடுவார்? களத்தில் இலவசமாக நிற்பவரும் ஒரு வகையில் அந்தக் கடையின் சரக்குத்தான்!

மெய்யான போரில் விலை செய்த வேலை

மெய்யான போரிலும் டாங்கிக்கு விலை உண்டு. சோவியத் நாடு 'டி-34' டாங்கியின் உற்பத்திச் செலவை 1941-லிருந்து 1943-க்குள் ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. போர் முடிவதற்குள் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவை தயாராயின. ஜெர்மனியின் 'டைகர்' டாங்கியோ கனமான கவசமும் பெரிய பீரங்கியும் கொண்டது. செலவும் உழைப்பும் ஏராளமாகப் பிடித்தது. மொத்தம் தயாரானது சுமார் 1,350 மட்டுமே. ஒன்றுக்கு ஒன்று நின்றால் டைகர் பலசாலி. ஆனால் களத்தில் ஒன்றுக்கு ஒன்று நிற்கவில்லை. ஒன்றுக்குப் பல நின்றன. விலை அங்கே எண்ணிக்கையாக மாறிக் கணக்கைச் சரிக்கட்டியது.

விளையாட்டில் அதற்கு வழியில்லை. 'வேர்ல்ட் ஆப் டாங்க்ஸ்'ஸின் வழக்கமான ஆட்டத்தில் இரு பக்கமும் பதினைந்து பதினைந்து பேர். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டாங்கியானாலும் ஒருவருக்கு ஒன்றுதான். மலிவான டாங்கி வைத்திருப்பவர் ஐந்தைக் கொண்டு வர முடியாது. எனவே விலை களத்தில் செய்ய வேண்டிய வேலையைச் செய்ய முடியாமல் போகிறது.

பிறகு எப்படிச் சமன் செய்கிறார்கள்? படி வைத்து. ஏறக்குறைய ஒரே பலமுள்ள டாங்கிகளை ஒரே ஆட்டத்தில் சேர்க்கிறார்கள். 'வார் தண்ட'ரில் ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு பல எண் உண்டு. சென்னை ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965 முதல் வெளிவந்து, 1971 போரிலும் பங்கு கொண்ட 'விஜயந்தா' டாங்கியை நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு மூலமான பிரிட்டனின் 'விக்கர்ஸ்' டாங்கி இந்த விளையாட்டின் பட்டியலில் இருக்கிறது. கவசம் மெல்லியது, பீரங்கி நல்லது. இப்படிப்பட்ட ஒன்றை எந்தக் காலத்து டாங்கிகளோடு மோத விடுவது என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கிறது. பலத்துக்கு மருந்து படிதானே தவிர, விலையல்ல.

விலையால் பலத்தை அடக்க முடியுமா?

முடியும் என்று நம்பியவர்களும் உண்டு. ஐஸ்லாந்து நாட்டில் தயாராகி 2003-ல் வெளிவந்த 'ஈவ் ஆன்லைன்' விண்வெளிக் கப்பல் சண்டை விளையாட்டு அதற்குச் சாட்சி. அதில் உடைந்த கப்பல் உடைந்ததுதான். ரிப்பேர் செய்து தர மாட்டார்கள். கப்பல்களைக் கட்டுவதும் விற்பதும் விலை பேசுவதும் எல்லாம் ஆடுபவர்களே.

அந்த விளையாட்டில் 'டைட்டன்' என்ற ராட்சதக் கப்பலைச் சேர்த்தார்கள். அதைக் கட்டத் தேவையான பொருள் மலை போன்றது. பல நூறு பேர் சேர்ந்து மாதக் கணக்கில் உழைத்தால்தான் ஒன்று தேறும். ஆகவே மொத்த உலகத்திலும் நாலைந்துக்கு மேல் வராது, அது எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் கவலையில்லை என்பது தயாரித்தவர்களின் நினைப்பு. முதல் டைட்டன் 2006-ல் தயாரானது.

அதன் பிறகு நடந்தது என்ன? ஆடுபவர்கள் கூட்டுச் சேர்ந்தார்கள், சங்கம் வைத்தார்கள், வரி போட்டார்கள், சேமித்தார்கள். 2014 ஜனவரியில் நடந்த ஒரே ஒரு பெரும் சண்டையில் மட்டும் 75 டைட்டன்கள் அழிந்தன. ஏறத்தாழ மூன்று லட்சம் அமெரிக்க டாலர் பெறுமானமுள்ள கப்பல்கள் ஒரு நாளில் சாம்பலாயின என்று பத்திரிகைகள் கணக்குப் போட்டன. அழிந்தவையே 75 என்றால் அழியாமல் நின்றவை எத்தனை!

விலை ஒரு வேலியல்ல. தாமதம் மட்டுமே என்பது அன்று விளங்கியது. காலம் போனால் எல்லோரும் அந்த வேலியைத் தாண்டி விடுகிறார்கள். தாண்ட முடியாமல் நிற்பவர் புதிதாக வந்தவர் மட்டும்தான். பெட்டி நிறையக் காசு வைத்திருக்கும் பழைய ஆளுக்கு விலை உயர்வு எறும்புக் கடி. நேற்று வந்தவருக்கோ அது தேள்கடி.

சந்தையிடம் விட்டால்?

விலையை நாம் ஏன் நிர்ணயிக்க வேண்டும், சந்தையே பார்த்துக் கொள்ளட்டும் என்று ஒரு முறை சோதித்தும் பார்த்தார்கள். அது டாங்கி விளையாட்டல்ல. 'கவுண்டர் ஸ்ட்ரைக்' என்ற துப்பாக்கிச் சண்டை. 2006 அக்டோபரில் 'வால்வ்' கம்பெனி அதில் ஒரு புது ஏற்பாடு செய்தது. எந்தத் துப்பாக்கியை ஜனங்கள் அதிகம் வாங்கினார்களோ அதன் விலை மறுவாரம் ஏறும். யாரும் சீந்தாததன் விலை இறங்கும்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் பிடித்த 'டெசர்ட் ஈகிள்' என்ற கைத்துப்பாக்கியின் விலை பல மடங்கு ஏறிப் போயிற்று. வெகு நாட்களாக அந்த விலைகளை மனப்பாடமாக வைத்திருந்து, இந்தச் சுற்றில் சிக்கனம், அடுத்த சுற்றில் செலவு என்று திட்டமிட்டவர்களின் கணக்கெல்லாம் குழம்பியது. பெரும்பாலோர் வரவேற்கவில்லை. ஏற்பாடு நிலைக்கவில்லை.

அதே விளையாட்டில் வேறொரு ஏற்பாடு வெற்றி பெற்றது. தோற்ற கட்சிக்கும் பணம் கொடுப்பது! பிந்தைய பதிப்புகளில், ஒரு சுற்றில் தோற்றால் ஆளுக்கு 1,400 டாலர். தொடர்ந்து தோற்றால் படிப்படியாக ஏறி 3,400 வரை. அதனால் முதலில் சறுக்கியவர்கள் அடியோடு நொடித்துப் போகாமல் எழுந்து நிற்க முடிகிறது. ஜெயித்தவனுக்கே எல்லாம் போனால் ஆட்டம் சீக்கிரம் முடிந்து விடும். தோற்றவனுக்கும் மூலதனம் மிஞ்சினால்தான் சண்டை சுவைக்கும்.

'வார் தண்டர்' இதையே வேறு விதமாகச் செய்கிறது. அங்கே களத்துக்குள்ளேயே ஒரு கடை உண்டு. ஆட்டம் தொடங்கும்போது ஒரு டாங்கியை இறக்கும் அளவுக்குப் புள்ளிகள் தருகிறார்கள். விமானம் வேண்டுமென்றால் எதிரியை அடித்தோ இடத்தைப் பிடித்தோ புள்ளி சேர்க்க வேண்டும். குண்டு கட்டிய விமானத்துக்கு இன்னும் கூடுதல். ஒரே வகை வாகனத்தைத் திரும்பத் திரும்ப இறக்கினால் அதன் விலை ஏறிக் கொண்டே போகும். அந்தப் புள்ளி அந்த ஆட்டத்தோடு செல்லாக் காசாகி விடும். நேற்றுச் சேர்த்தது இன்றைக்கு உதவாது. அதனால் இந்த விலைக்கு முன்னால் பழையவரும் புதியவரும் ஒன்றுதான்.

தங்கக் குண்டு

'வேர்ல்ட் ஆப் டாங்க்ஸ்'ஸின் ஆரம்ப காலத்தில் ஒரு வகைக் குண்டு தங்கத்துக்கு மட்டுமே கிடைத்தது. சாதாரணக் குண்டு துளைக்காத கவசத்தை அது துளைக்கும். அதாவது, சொந்தப் பணம் செலவழித்தவரின் குண்டு பாய்ந்தது. மற்றவரின் குண்டு தெறித்து விழுந்தது. இது திறமைப் போட்டியா, பணப் போட்டியா என்ற முணுமுணுப்பு வலுத்தது.

2012-ல் கம்பெனி அந்தக் குண்டை ஆடிச் சேர்த்த கிரெடிட்டுக்கும் விற்க ஆரம்பித்தது. ஒரு தங்கத்துக்கு 400 கிரெடிட் என்பது கணக்கு. சாதாரணக் குண்டுக்கு ஆயிரம் என்றால் இதற்கு நாலைந்து மடங்கு. 2013-ல், பணத்தால் களத்தில் பலம் வாங்க முடியாதபடி செய்வோம் என்பதையே தன் கொள்கையாகக் கம்பெனி அறிவித்தது.

முணுமுணுப்பு நின்றதா? திசை மாறியது! இப்போது கிரெடிட் குவித்து வைத்திருந்த பழைய ஆட்கள் அந்தக் குண்டையே வாரி இறைத்தார்கள். மாதக் கட்டணம் கட்டுபவருக்கு வரவு அதிகமாதலால் அவருக்கும் கட்டுப்படியாயிற்று. கனமான கவசத்தை நம்பி மெதுவாக ஊர்ந்த டாங்கிகள்தான் அடி வாங்கின. முன்பு பணக்காரன் மட்டும் வைத்திருந்த ஆயுதம் இப்போது வசதி உள்ள எல்லோரிடமும் வந்து விட்டது. கதவை அகலமாகத் திறந்தாலும் வாசற்படியின் உயரம் குறையவில்லை.

அச்சடித்த காசு

சரி, விலையையும் செலவையும் அடியோடு எடுத்து விட்டால் என்ன? அதுவும் முடியாது. காரணம் பஞ்சப்படி வாங்கும் எந்தக் குமாஸ்தாவுக்கும் விளங்கும்.

விளையாட்டில் ஒவ்வொரு ஆட்டமும் ஒரு நோட்டு அச்சடிக்கும் யந்திரம். லட்சக்கணக்கானவர்கள் ஆட, ஆட, புதுக் காசு பிறந்து கொண்டே இருக்கும். அதைத் திரும்ப உறிஞ்ச வழி இல்லாவிட்டால் எல்லார் பெட்டியிலும் காசு வழியும். அப்போது 61 லட்சம் என்ற விலைக்கும் 61 என்ற விலைக்கும் வித்தியாசம் இருக்காது. ரிப்பேர் செலவும் குண்டுச் செலவும்தான் அந்த உறிஞ்சுகுழாய்கள். விளையாட்டைத் தயாரிப்பவர்கள் தினமும் பார்க்கும் கணக்கு இதுதான்: இன்று எவ்வளவு பிறந்தது, எவ்வளவு அழிந்தது?

குழாய் தேவைதான். ஆனால் அது யார் பெட்டியிலிருந்து எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியில்தான் 'கைஜின்' கம்பெனி மாட்டிக் கொண்டது.

வேகமான கையை வைத்து அளந்த கூலி

'வார் தண்ட'ரில் எந்த டாங்கிக்கு எவ்வளவு ரிப்பேர் செலவு என்பதை ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை. அந்த டாங்கியை ஓட்டியவர்கள் சராசரியாக எவ்வளவு சாதித்தார்கள் என்று புள்ளிவிவரம் எடுத்து, அதைக் கொண்டு நிர்ணயித்தார்கள். நன்றாகச் சம்பாதித்துத் தரும் டாங்கிக்குச் செலவு அதிகம், சம்பாதிக்காததற்குக் குறைவு. மேலோட்டமாகப் பார்த்தால் இதைவிட நியாயம் எது?

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளங்குவதற்காக மட்டும். ஓட்டுவதற்குக் கஷ்டமான டாங்கி ஒன்று. தேர்ந்த ஆட்கள் மட்டுமே அதை எடுக்கிறார்கள். ஆட்டத்துக்கு 20,000 சம்பாதிக்கிறார்கள். கம்பெனி பார்க்கிறது: ஓகோ, இது நல்ல டாங்கி, ரிப்பேர் செலவு 10,000. இன்னொரு டாங்கி சுலபமானது, பிரபலமானது. புதியவர்கள் எல்லாரும் அதைத்தான் எடுக்கிறார்கள். சராசரி வரவு 8,000. ரிப்பேர் செலவு 4,000.

இப்போது புதியவர் ஒருவர் ஆசைப்பட்டு முதல் டாங்கியை வாங்குகிறார். அவரால் சம்பாதிக்க முடிந்தது 6,000. செலவு 10,000. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கைப்பிடித்தம் 4,000! மாறாக, தேர்ந்த ஆள் இரண்டாவது டாங்கியில் ஏறினால் அள்ளிக் கொண்டு போகிறார். டாங்கியின் பலத்தை அளப்பதாக நினைத்துக் கொண்டு, ஓட்டியவரின் கைத்திறனை அளந்து விட்டார்கள். யாரோ திறமையாக ஓட்டியதற்கான அபராதம், திறமை இல்லாதவர் தலையில் விழுந்தது.

'பீஸ் ரேட்'டில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பட்டறையில் மிக வேகமாக வேலை செய்யும் இரண்டு பேரைப் பார்த்து முதலாளி ரேட்டை நிர்ணயித்தால், நடுத்தர வேகமுள்ளவன் பகல் முழுதும் உழைத்தாலும் அரை வயிறுதான். வேகமான கைக்காரன்மீது மற்றவர்களுக்குக் கோபம் வரும். ஆனால் தப்பு அவன் கையில் இல்லை, அளவுகோலில்.

போதாக்குறைக்கு இன்னொரு குறையும் இருந்தது. புதிதாக வாங்கிய டாங்கியில் களத்தில் பழுது பார்க்கும் சாமானோ தீயணைப்புக் கருவியோ இருக்காது. அவற்றையும் அதே டாங்கியில் ஆடி ஆடித்தான் பெற வேண்டும். சங்கிலி அறுந்தால் அறுந்தபடியே, தீப்பிடித்தால் எரிந்தபடியே நிற்க வேண்டும். சம்பாதிக்க வழியில்லாத நிலையில் செலவு மட்டும் முழுசாக!

2023: ஆட மறுத்த நாட்கள்

2023 மே மாதத்தில் கம்பெனி வருமான விகிதங்களில் சில மாற்றங்களை அறிவித்தது. ஏற்கெனவே புகைந்து கொண்டிருந்தவர்கள் அதைப் பார்த்ததும் வெடித்தார்கள். கம்பெனி மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. ஆனால் நெருப்பு அடங்கவில்லை. ஏனென்றால் புது மாற்றம் மட்டுமல்ல, பழைய ரேட்டே தப்பு என்பது இப்போது எல்லார் வாயிலும் வந்து விட்டது.

ஆடுபவர்களிடம் கொடி இல்லை, சங்கம் இல்லை. ஒரே ஆயுதம் இருந்தது. 'ஸ்டீம்' என்னும் கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடையில் ஒவ்வொரு விளையாட்டின் கீழும் வாங்குபவர்கள் அபிப்பிராயம் எழுதலாம். பல்லாயிரக்கணக்கானவர்கள் அங்கே போய், 'இதை ஆடாதீர்கள்' என்று எழுதினார்கள். வருடக் கணக்கில் ஆடியவர்களே எழுதினார்கள். ஒரு நாள் யாரும் ஆட்டத்தில் இறங்காமல் இருப்போம் என்றும் அழைப்பு விடுத்தார்கள்.

கம்பெனியின் முதல் பதில் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது. அடுத்த பதிலில் மன்னிப்புக் கேட்டது. என்னென்ன மாற்றுவோம், எப்போது மாற்றுவோம் என்று பட்டியல் தருவதாக வாக்களித்தது. சொன்னபடி ஜூன் மாதம் பட்டியல் வந்தது. ஆடுபவர்களிடம் வாக்கெடுப்பும் நடந்தது. அந்த மாதத்திலேயே மாற்றங்கள் தொடங்கின. ரிப்பேர் செலவுகள் குறைந்தன. வரவு கூடியது. புது டாங்கிக்கும் சாதாரண ரகப் பழுது பார்க்கும் சாமானும் தீயணைப்புக் கருவியும் முதலிலிருந்தே கிடைத்தன. ஆடிப் பெறுவது அதைவிட வேகமான ரகம் என்றாயிற்று.

எல்லாம் தீர்ந்து விட்டது என்று சொல்ல முடியாது. மேல்படிக்குப் போக நீண்ட காலம் பிடிப்பதும், தங்கக் கழுகால் அதைச் சுருக்கலாம் என்பதும் அப்படியே இருக்கின்றன. அது கம்பெனியின் ஜீவனம். அதை விட்டுக் கொடுக்காது. ஆனால் சராசரி என்ற ஒற்றை எண்ணை வைத்து எல்லோரையும் அளந்தால் நடுவில் நிற்பவன் நசுங்குவான் என்ற பாடம், அடி வாங்கிக் கற்ற பாடமாகப் பதிந்து விட்டது.

அறைக்குள் வந்த போர்க்களம்

இது எங்கோ ஐரோப்பாவில் நடந்த விவகாரம் என்று தள்ளி விடுவதற்கில்லை. 'வேர்ல்ட் ஆப் டாங்க்ஸ் பிளிட்ஸ்' என்ற பெயரில் டாங்கி விளையாட்டு 2014-லேயே கைபேசிக்கு வந்து விட்டது. 'வார் தண்ட'ருக்கும் கைபேசிப் பதிப்பு இருக்கிறது. ஊரை விட்டு வந்து, ஓர் அறையில் நாலு பேராகத் தங்கி, ஷிப்ட் முடிந்து வரும் பையனுக்குச் செலவில்லாத பொழுதுபோக்கு கைக்குள்ளேயே கிடைக்கிறது. அதில் தப்பில்லை. சீட்டாட்டத்தைவிட, வீண் வம்பைவிட எவ்வளவோ மேல்.

சட்டமும் இதைச் சூதாட்டமாகக் கருதவில்லை. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் விளையாட்டுகளைத்தான் தடை செய்தது. டாங்கி விளையாட்டில் ஜெயித்துக் கையில் வாங்க ஒன்றுமில்லை. பணம் உள்ளே போகும், வெளியே வராது. அந்த ஒருவழிப் பாதைதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

ஆகவே ஆடுபவர் ஒரு சின்னக் கணக்கைக் கையில் வைத்துக் கொள்வது நல்லது. கடையில் ஒரு டாங்கிக்கு 2,000 ரூபாய் கேட்கிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். அதை ஆடியே சம்பாதிக்க எத்தனை மணி நேரம் ஆகும்? 100 மணி என்றால், ஒரு மணியை 20 ரூபாய்க்கு விற்கிறார்கள் என்று அர்த்தம். அந்த 100 மணி நேரமும் சந்தோஷமாகக் கழியுமானால் அதை ஏன் காசு கொடுத்து ஒழிக்க வேண்டும்? சந்தோஷமாகக் கழியாது என்றால் அந்த ஆட்டம் எதற்கு? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தவர் பையிலிருந்து அவசரமாகப் பணம் வெளியே வராது.

இன்னொன்றும் உண்டு. ஆட்டம் முடிந்து வரும் சிட்டையில் நஷ்டம் என்று சிவப்பில் விழுந்தால், தன் கை சரியில்லை என்று பல பையன்கள் மனம் உடைந்து போகிறார்கள். விட்டதைப் பிடிக்க விடிய விடிய ஆடுகிறார்கள். அல்லது தங்கம் வாங்குகிறார்கள். அந்த எண்ணை யார் நிர்ணயித்தார்கள், எதை வைத்து நிர்ணயித்தார்கள் என்று தெரிந்தால் மனம் ஆறும். பல நேரங்களில் தோற்றது கையல்ல, ரேட்டுதான். ரேட்டை நிர்ணயிப்பவரும் மனிதர்தான்; பலர் சேர்ந்து கேட்டால் மாற்றுகிறார் என்பதும் 2023-ல் தெரிந்து போன உண்மை.